சரித்திரத்துக்கு வைத்த தட்டு

கல்லூரியில் என்ன பாடம் எடுப்பது என்பதைச் சிலர் யோசித்துத் தீர்மானிக்கிறார்கள். சிலர் பக்கத்து வீட்டுப் பையன் என்ன எடுத்தான் என்று பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். என் விஷயத்தில் அதைத் தீர்மானித்தவை ஐந்து பித்தளைத் தட்டுகளும் ஒரு சுருட்டும். பி.ஏ. சரித்திரம் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி, ஓய்வும் பெற்றாயிற்று. இனி யாரும் என் பட்டத்தைப் பிடுங்க முடியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

அது யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. விராலிமலைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டில் கடலையும் வரகும் விவசாயம். எங்கள் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ஜெர்மன்காரன் எப்போது வருவான், மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் என்ன செய்வது, மழை ஏன் பொய்த்தது என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டார்கள். நானும் "அது வந்து..." என்று இழுத்து ஏதாவது ஒரு பதிலைச் சொல்லி வைப்பேன். 'தெரியாது' என்று ஒருநாளும் சொன்னதில்லை. படித்தவன் வாயில் அந்தச் சொல் வரலாமா? (அந்தத் திமிருக்குத்தான் பின்னால் வட்டியோடு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

எனக்குச் சரித்திரத்தின் மேல் ஆசை வந்தது ஒரு கல்லால். எங்கள் கொல்லையில் மாடு கட்டுவதற்கு ஒரு கல் நட்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளில், கல்வெட்டுகளைப் படி எடுக்கிறவர் ஒருவர் ஊருக்கு வந்தார். கல்லில் இருந்த சாணியைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, மையைத் தட்டி, அதில் தெரிந்த எழுத்தை உரக்கப் படித்தார். யாரோ ஒருவர் கோயில் விளக்குக்குத் தொண்ணூறு ஆடு கொடுத்திருக்கிறாராம். கொடுத்து ஆயிரம் வருஷம் ஆகிறதாம். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஆடெல்லாம் இப்ப எங்கிட்டுங்க இருக்கு?" என்றார். எனக்கு ஆட்டைப் பற்றிக் கவலை இல்லை. அந்த எழுத்தை நானே படிக்க வேண்டும். அதற்கு முன்பும் பின்பும் வேறு எதன் மேலும் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

பி.ஏ. சரித்திரத்துக்குத் திருச்சிக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் புதுக்கோட்டையில் இரண்டு வருஷம் இண்டர்மீடியட். ஆங்கிலமும் தமிழும் எல்லோருக்கும் பொது. மேற்கொண்டு மூன்று பாடங்களை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மூன்றில் இரண்டு சரித்திரமாக இருந்தால்தான் பிற்பாடு பி.ஏ.வில் சரித்திரத்துக்கு இடம். பழங்காலச் சரித்திரம் ஒன்று, நவீன சரித்திரம் ஒன்று. மூன்றாவதாகத் தர்க்கத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். (தர்க்கம் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். "வக்கீலுங்க பேசுறது" என்று சொல்லிவிட்டேன்.) இரண்டு சரித்திரத்தில் ஒன்று தவறினாலும் நான் ஊருக்குத் திரும்பி அந்தக் கல்லில் மாடு கட்ட வேண்டியதுதான்.

கல்லூரியிலிருந்து படிவம் வந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. மாணவர்கள் தம் பெற்றோருடன் அந்தந்தப் பாடத்தின் ஆசிரியரை நேரில் கண்டு, அவரது சம்மதத்தைக் கையெழுத்தாகப் பெற்று, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஆபீசில் கொடுக்க வேண்டும். இதை நான் வீட்டில் எல்லோருக்கும் ராகம் போட்டு மொழிபெயர்த்துச் சொன்னேன். அங்கே முத்தையா மாமாவும் இருந்தார். மாமா என்றால் ஆத்தாவின் கூடப்பிறந்த அண்ணன். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணமும் அவர் போய்ப் பேசாமல் முடியாது.

"பெரியவங்களோட போகணுமா மாப்ள?" என்று கேட்டார் மாமா.

"ஆமா மாமா."

"நேர்ல பாக்கணுமா?"

"ஆமா."

"சம்மதம் கேக்கணுமா?"

"ஆமா மாமா."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஆத்தாவைப் பார்த்தார்.

"அப்பத் தட்டு வைக்கணுமே மச்சான்," என்றார் மாமா. "கைய வீசிக்கிட்டா போயி நிக்கிறது? ஏன் மாப்ள, அங்கிட்டுத் தட்டு வைக்கிற பழக்கம் உண்டுல்ல?"

இந்த இடத்தில் நான் 'தெரியாது' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. "இருக்கும் மாமா, பெரிய காலேஜாச்சே" என்றேன்.

அதற்குப் பிறகு விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது. மூன்று பாடமும் மூன்று இடமா என்று மாமா விசாரித்தார். சரித்திரம் இரண்டும் ஒரே ஆசிரியரிடம் என்றேன். மாமாவின் முகம் மாறியது.

"ஒரே வீட்டுல ரெண்டு எடுக்குறோம்னு சொல்லு. அப்பச் சீரு கூடத்தான் வைக்கணும். தர்க்கத்துக்கு ஒரு தட்டு போதும். சரித்திரத்துக்கு நாலு."

"மொத்தம் அஞ்சு. ஒத்தப்படையில வருது, நல்லதுதான்," என்று ஆத்தா திருப்திப்பட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா மலை ஏறிப் போய், முருகனைக் கும்பிட்டு, பிரசாதம் வாங்கி வந்தார். இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். விராலிமலை முருகனுக்குச் சாயரட்சை பூஜையில் சுருட்டு நைவேத்தியம் உண்டு. எங்கள் பக்கத்தில் இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. மற்ற கோயிலில் சுண்டல் மாதிரி எங்களுக்குச் சுருட்டும் ஒரு பிரசாதம். அப்பா ஒருநாளும் புகைபிடித்தவர் இல்லை. ஆனால் முக்கியமான காரியத்துக்குப் போகும்போது சாமிச் சுருட்டு இல்லாமல் படி இறங்க மாட்டார். அந்தச் சுருட்டைச் சரித்திரத்தின் பெரிய தட்டில், விபூதிப் பொட்டலத்துக்கும் பூவுக்கும் நடுவில் வைப்பது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். மாமா தம் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எனக்குப் போட்டுவிட்டார். கை நீளத்தில் என் விரல்கள் காணாமல் போயின. நெற்றியில் ஆத்தா சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கரி பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் அடுப்பு தொங்கும். மேடு வந்தால் நம்மைத் தள்ளச் சொல்வார்கள். வழியில் நாலு மேடு. புதுக்கோட்டையில் இறங்கும்போது மாமாவின் சலவை வேட்டி சாம்பல் நிறம், எங்கள் முகம் அதைவிட ஒரு படி கறுப்பு. தெருக்குழாயில் கழுவினோம். என் குங்குமம் கரைந்து மூக்கு வரைக்கும் வந்திருந்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கல்லூரி வாசலில் டவாலி போட்ட சேவகர் ஒருவர் நின்றிருந்தார். தட்டு ஐந்து, தூக்க ஆள் மூன்று. நான் தூக்க வந்தபோது மாமா தடுத்துவிட்டார். "மாப்ளப் பையன் தட்டத் தூக்கப்படாது" என்றார். சேவகர் திருக்கோகர்ணத்துக்காரர், சங்கோஜம் இல்லாத மனிதர். மாமா வெற்றிலை மடித்துக் கொடுத்து, "அண்ணே, சத்த ஒரு கை புடிங்க" என்றதும், என்ன ஏது என்று கேட்காமல் இரண்டு தட்டை வாங்கிக்கொண்டார்.

"சின்ன எடத்த முதல்ல முடிப்போம்," என்று மாமா தர்க்கத்தின் அறைக்குக் கூட்டிப் போனார்.

தர்க்க ஆசிரியர் மெலிந்த மனிதர். போன வருஷம் அவர் வகுப்பில் மூன்றே பேர். ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான், ஒருவன் அம்மை வார்த்து ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. மிச்சம் இருந்த ஒருவனுக்குக் காது மந்தம். ஆகவே எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"நல்ல காரியமா வந்திருக்கோங்க," என்றார் மாமா. "ஒங்க பாடத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொன்னீங்கன்னா நாங்களும் கேட்டுக்கிடுவோம்."

அவரிடம் யாரும் அப்படிக் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். "ரொம்பச் சுலபம்!" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். "மனிதர்கள் எல்லோரும் இறப்பவர்கள். சரியா?" அப்பாவைச் சுட்டிக் காட்டினார். "இவர் ஒரு மனிதர். சரியா?"

"சரிங்க," என்றார் அப்பா, மரியாதையாக.

"ஆகவே இவர் இறந்துபோவார்!" என்று மேசையை ஓங்கித் தட்டினார்.

"ஐயோ, முருகா!" என்று ஆத்தா தட்டைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கைவைத்தாள். "வெள்ளிக்கெழம அதுவுமா, வந்த வாசல்ல என்ன சொல்றாரு பாருங்கண்ணே!"

"ஏங்க, ஒங்களுக்கு வேற ஆளு கெடைக்கலீங்களா?" என்றார் மாமா.

ஆசிரியர் வெலவெலத்துப் போனார். "மாற்றிச் சொல்கிறேன், மாற்றிச் சொல்கிறேன். பசுக்கள் எல்லாம் இறப்பவை..."

"பசு வேண்டாங்க," என்று இந்தத் தடவை அப்பா குறுக்கிட்டார். "வீட்டுல சென மாடு நிக்கிது. நானே இருந்துட்டுப் போறேன்."

அப்பாவுக்கு அந்த ஆசிரியரைப் பிடித்துப் போயிற்று. மனுஷன் மறைக்காமல் பேசுகிறான் என்றார். கையெழுத்து உடனே விழுந்தது. நாங்கள் வைத்த தட்டை அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் மாமா நகரவில்லை. "தட்டு மாத்தணுங்களே" என்றார். பதில் தட்டில் ஏதாவது வைத்துத் தர வேண்டும் என்று சேவகர் அவர் காதில் சொன்னார். அவர் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கடைசியில் இரண்டு சாக்குக்கட்டியையும் கரும்பலகை துடைக்கும் துணியையும் தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். மாமா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஒரு எடம் முடிஞ்சுச்சு" என்றார்.

அதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. பன்னிரண்டு மணி வரைக்கும் வேப்பமரத்தடியில் தட்டுகளோடு உட்கார்ந்தோம். அங்கேதான் சேவகர் சரித்திர ஆசிரியரைப் பற்றிச் சொன்னார். கும்பகோணத்திலிருந்து புதிதாக வந்தவர். எல்லாம் பொறுத்துக்கொள்வார், புகையிலை வாசனை மட்டும் ஆகாது. வகுப்பில் பொடி போட்ட ஒரு பையனைப் பொடி டப்பாவோடு ஊருக்கு அனுப்பிவிட்டாராம். இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டுக்கொண்டே பெரிய தட்டில் இருந்த சுருட்டின் மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தேன். சுருட்டு புகையிலை என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் வந்திருக்காது.

பன்னிரண்டு அடித்ததும் மாமா எங்களைக் கிளப்பினார். முன்னால் சேவகர், பெரிய தட்டோடு. பின்னால் மாமா, அப்பா, ஆத்தா, ஆளுக்கொரு தட்டு. கடைசியில் கோட்டுக்குள் நான். வராந்தாவில் நின்ற மாணவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவன், "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்தினான். அப்போதுதான், நாங்கள் செய்வது உலகத்தில் வேறு யாரும் செய்யாத காரியம் என்று எனக்கு உறைத்தது. திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் அறை வந்துவிட்டது.

சரித்திர ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"என்ன இது? யாருக்குக் கல்யாணம்?"

"இன்னும் முடிவாகலீங்க. ஒங்க சம்மதம் கெடைச்சாத்தான்," என்றார் மாமா.

சேவகர் பெரிய தட்டை, மேசையில் விரித்திருந்த புத்தகத்தின் மேலேயே வைத்தார். ஆசிரியர் வெற்றிலையைப் பார்த்தார். பாக்கைப் பார்த்தார். மஞ்சள் கிழங்கைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை பூவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. விரலால் தொடாமல் சுட்டிக் காட்டினார்.

"இது என்ன?"

'ஐயா, இரண்டு சரித்திரத்திலும் எனக்கு இடம் தந்தருள வேண்டும்' என்று ஓர் ஆங்கில வாக்கியத்தை ஒரு வாரமாக உருப்போட்டு வைத்திருந்தேன். அது வரவில்லை. வேறு ஆங்கிலம் வந்தது. "ஐயா, இது கடவுள் தங்களுக்குக் கொடுத்தனுப்பியது" என்றேன்.

"கடவுள் எனக்குச் சுருட்டுக் கொடுத்தனுப்பினாரா?"

அப்பா எனக்கு உதவி செய்ய நினைத்தார். "அவருக்குத் தெனமும் உண்டுங்க. நேத்து சாயங்காலம் அவருக்கு வச்சது, அத ஒங்களுக்குன்னு கொண்டாந்தோம்."

ஆசிரியர் எழுந்தார். அவர் அவ்வளவு உயரம் என்று உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை. "ஒரு கல்லூரியில், ஓர் ஆசிரியரின் மேசையில், தேங்காய் பழம் லஞ்சம்! அதன் தலையில் புகையிலை! யார் இவர்கள்? உனக்கு என்ன வேண்டும் இவர்கள்?"

ஜன்னல் முழுக்கத் தலைகள். எல்லாத் தலையிலும் சிரிப்பு. அப்பாவின் காதோரம் இன்னும் பஸ் கரி ஒட்டியிருந்தது. ஆத்தாவின் சேலையில் தேங்காய் நார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஊர்க்காரங்க சார்" என்றேன்.

இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. என் வாழ்க்கையில் நான் செய்த அற்பத்தனங்கள் பல. அவற்றில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் ஆசிரியரைக் கும்பிட்டார். "ஆமாங்க. ஊர்க்காரங்கதாங்க. பஸ்ஸுல பாத்தோம், தொத்திக்கிட்டு வந்துட்டோம். தம்பிக்கும் இந்தத் தட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. கல்லுல எழுதியிருக்கிறதப் படிக்கணும்னு சின்னதுலேருந்து சொல்லிக்கிட்டே இருக்கும். அதுக்கு மட்டும் ஒரு எடத்தக் குடுத்துருங்க. நாங்க போறோம்."

"பஸ்ஸில் பார்த்தவருக்கு, இவன் சின்னதிலிருந்து சொன்னது எப்படித் தெரியும்?" என்றார் ஆசிரியர்.

அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அதான மச்சான், ஒளறிப்புட்டீங்களே," என்றார் மாமா.

நான் நிமிர்ந்து, "இவர்தான் சார் எங்க அப்பா. இது எங்க ஆத்தா. இவர் மாமா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். (குங்குமம் மூக்கில் வழிய ஒருவன் அழுவது பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பின்னாளில் நண்பர்கள் நடித்தே காட்டியிருக்கிறார்கள்.)

"பெற்ற அப்பனையே மாற்றிச் சொல்கிறவன், ஆயிரம் வருஷத்துக்கு முந்தினவனைப் பற்றி என்னவெல்லாம் சொல்வாய்! உனக்கு இங்கே இடம் கிடையாது. போ."

கதவு சாத்தப்பட்டது. நாங்கள் வராந்தாவில் நின்றோம். எல்லாம் முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். ஆனால் மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்டுப் போறது? பெரிய தட்டு உள்ள இருக்கு. தட்ட உள்ள வச்சுக்கிட்டுக் கதவச் சாத்துனா சம்மதம்னுதான அர்த்தம்? வேண்டாம்னா திருப்பிக் குடுக்கச் சொல்லு. முப்பது கல்யாணம் பேசியிருக்கேன், முறையில்லாம ஒண்ணு நடந்ததில்ல. போயிக் கேளு மாப்ள."

அப்பாவும் ஆத்தாவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கதவைத் தட்டி உள்ளே போவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. ஆசிரியர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, குனிந்து, அந்தச் சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டு, சார்," என்றேன்.

"நிஜமாகவே இதைச் சாமிக்கு வைக்கிறார்களா?"

"ஆமா சார்."

"ஏன்?"

"வழக்கம் சார்."

"எப்போதிலிருந்து? யார் ஆரம்பித்தது? உனக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது?"

"அது வந்து..." என்று ஆரம்பித்தேன். ஒரு ராஜா, ஒரு போர், ஒரு வரம் என்று வாயில் எல்லாம் தயாராக வந்து நின்றன. அந்த நேரத்தில் கதவுக்கு வெளியே அப்பா இருமுவது கேட்டது.

"தெரியாது சார்," என்றேன்.

அவர் முதல்முறையாக மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். "வெளியே மூன்று சாட்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். விசாரித்து, ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வா. மூன்று மணிக்குள். நீயாக ஒரு வரி சேர்த்தாலும் படிவத்தைக் கிழித்துவிடுவேன்."

உலகத்தில் எந்தச் சரித்திர மாணவனும் அப்படி ஒரு ஆராய்ச்சி செய்திருக்க மாட்டான். வேப்பமரத்தடியில் மூவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். ஒரு பக்தர் மலைக்கு வரும்போது ஆற்றில் வெள்ளம், குளிரில் நடுங்கினார், முருகனே ஆள் வேஷத்தில் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்தார் என்றார் அப்பா. ஆறு இல்லை, வெறும் மழைதான் என்றார் மாமா. அதோடு விடாமல், அந்த பக்தர் தம்முடைய பாட்டனாருக்குப் பாட்டனார் என்றார்.

"இது எப்பலேருந்துண்ணே?" என்று ஆத்தாவே கேட்டாள். "ஒனக்குப் பாட்டன்னா எனக்கும்தான பாட்டன்? எனக்குத் தெரியாம எப்ப வந்தாரு?"

"பொம்பளப் புள்ளைங்ககிட்ட சொல்லல," என்றார் மாமா.

சேவகர் கேட்காமலே வந்து, தங்கள் திருக்கோகர்ணத்து அம்மனுக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது என்று பதிவு செய்யச் சொன்னார். அதற்கு மாமா, அப்பா இருவரும் சேர்ந்து சண்டைக்குப் போனார்கள். நான் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி எழுதினேன். 'மூன்று சாட்சிகளும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். யாரும் நேரில் பார்த்ததில்லை. இரண்டாம் சாட்சி தம் குடும்பப் பெருமைக்காகச் சொல்வதாக முதல் சாட்சியின் மனைவி கருதுகிறார். நான்காம் சாட்சி வேறு கோயிலைச் சேர்ந்தவர்' என்று முடித்தேன். (மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாதது என் அதிர்ஷ்டம். தம் பெயர் எங்கே வருகிறது என்று மட்டும் காட்டச் சொல்லி, அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.)

ஆசிரியர் அதைச் சிவப்பு மையோடு படித்தார். பக்கம் முழுக்கச் சிவப்பாயிற்று. இரண்டாம் சாட்சி வரும் இடத்தில் அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். பிறகு படிவத்தை இழுத்து, பழங்காலத்துக்கு ஒன்று, நவீனத்துக்கு ஒன்று என இரண்டு கையெழுத்துப் போட்டார்.

"மற்ற தட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போ. பழத்தையும் தேங்காயையும்கூட எடுத்துவிடு. இது மட்டும் இங்கே இருக்கட்டும்," என்று சுருட்டோடு பெரிய தட்டை அலமாரியின் மேல் வைத்தார். "பிரசாதமாக இல்லை. சான்றாக."

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் படிவத்தை ஆபீசில் கொடுத்தேன். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் மாமா பஸ்ஸில் ஏறியும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "தட்ட வாங்கிக்கிட்டாரு, பதில் தட்டு வைக்கலையே. தர்க்கம் முறையாப் பண்ணுச்சு. சரித்திரம் அரைகுறைதான்." அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தேன். மேடு வந்தது, இறங்கித் தள்ளினோம். பக்கத்தில் நின்று தள்ளிய அப்பாவிடம், "அப்பா, அந்த ஊர்க்காரங்கன்னு சொன்னது..." என்று ஆரம்பித்தேன். "தள்ளு தம்பி, பெறகு பேசலாம்," என்றார். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இரண்டு வருஷமும் சரித்திர ஆசிரியர் வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிடும்போது முதலில் அலமாரியின் மேல் பார்ப்பார், பிறகுதான் என்னைப் பார்ப்பார். நான் இண்டர் தேறினேன். திருச்சியில் பி.ஏ. முடித்தேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கொல்லைக் கல்லைக் கழுவிவிட்டு, எழுத்துக் கூட்டித் தொண்ணூறு ஆட்டையும் படித்துக் காட்டினேன். அப்பா பக்கத்தில் நின்று கடைசிவரை கேட்டார். மாடு வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது.

என் கல்யாணத்துக்கு அந்த ஆசிரியருக்குப் பத்திரிகை அனுப்பினேன். வருவார் என்று நினைக்கவில்லை. முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். பிரித்தால், எங்கள் பெரிய தட்டு. அதில் தேங்காய், வெற்றிலை, பாக்கு, என்னுடைய சிவப்பு மைக் கட்டுரை. நடுவில் அந்தச் சுருட்டு, காய்ந்து சுருங்கி, விரல் கனத்துக்கு வந்திருந்தது. மாமா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சரிபார்த்தார். பிறகு பந்தலே அதிரும்படி, "தட்டு மாத்தியாச்சு! இன்னையோட சரித்திரம் நிச்சயமாச்சு!" என்று கூவினார். பெண் வீட்டார் கலங்கிப் போய், சரித்திரம் என்பது எந்த ஊர்ப் பெண் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். அதைத் தெளிவுபடுத்துவதற்குள் முகூர்த்தம் தவறப் பார்த்தது.

பந்தியில் ஆசிரியர் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னை ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

அப்பா சாம்பார் பிசைந்த கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஊர்க்காரங்கதாங்க," என்றார். "பஸ்ஸுல பாத்தது."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பரிமாறுகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்கு அது வழக்கமாகிவிட்டது. ஹெட்மாஸ்டரிடம், டாக்டரிடம், தாலுகா ஆபீசில், எங்கே நான் கூடப் போனாலும், "இது எங்க ஊருப் பையந்தாங்க, நல்லாப் படிக்கும்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். எனக்கு நாற்பது வயதான பிறகும் விடவில்லை.

என் மகனைக் கல்லூரியில் சேர்க்க நான்தான் கூட்டிப் போனேன். தட்டு கிடையாது, கோட்டு கிடையாது, எல்லாம் நாகரிகமாக நடந்தது. குமாஸ்தா படிவத்தைப் புரட்டிக்கொண்டே என்னைக் காட்டி, "இவர் யாருப்பா?" என்றார். பயல் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தான்.

"ஊர்க்காரரு சார். பஸ்ஸுல பாத்தேன்."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை அப்பாவிடம் சொன்னேன். அப்போது அவருக்குப் பல்லெல்லாம் போய்விட்டிருந்தது. சிரித்துச் சிரித்துப் புரையேறி, ஆத்தா தண்ணீர்ச் சொம்போடு ஓடி வர வேண்டியதாயிற்று.

"யாருப்பா இத அவனுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியாது தம்பி," என்றார். "சாட்சி யாரும் இல்ல."